மரத்தின் கண்ணீருக்கு மதில் கட்டிய ஊர்

நாட்டு மருந்துக் கடைகளிலும் யூனானி வைத்தியர்களின் மருந்துப் பெட்டிகளிலும் "ரூமி மஸ்தகி" என்றொரு சரக்கு இருப்பதுண்டு. இளமஞ்சள் நிறமும் பளிங்கின் ஒளியும் உடைய சிறு பிசின் மணிகள் அவை. வாயிலிட்டுக் கடித்தால் முதலிற் சற்றே கசந்து பொடியாகும். பின்னர் மெல்ல மெல்ல மெழுகுபோல இளகி ஒன்றுசேர்ந்து, தேவதாரு மரத்தை நினைவூட்டும் ஒரு மணம் வீசும். வயிற்றுக் கோளாறுகளுக்கும் வாயின் துர்நாற்றத்துக்கும் இதனைப் பண்டை வைத்தியர்கள் விதித்தனர்.

"ரூம்" என்பது அரபியரும் பாரசீகரும் கீழை றோம இராச்சியத்துக்கு, அதாவது கொன்ஸ்தாந்திநோபிளைத் தலைநகராகக் கொண்டு விளங்கிய கிரேக்க மொழி வழங்கிய தேசத்துக்கு, இட்ட பெயர். ஆகவே சரக்கின் பெயரே அதன் திசையைச் சொல்லிவிடுகிறது. ஆனால் அத்தேசம் முழுவதிலும் இது விளைந்ததில்லை. ஏஜியன் கடலிலே கியோஸ் என்னும் ஒரு தீவிலே, அத்தீவிலும் தென்பாகத்திலே, 24 கிராமங்களின் நிலத்திலேதான் இது விளைகிறது. அக்கிராமங்களுள் ஒன்றாகிய மெஸ்தாவுக்கே இவ்வாரம் வாசகர்களை அழைத்துச் செல்ல எண்ணுகிறேன். இன்று சில நூறு பேரே வாழும் சிற்றூர் அது. எனினும், ஒரு விளைபொருள் ஓர் ஊரின் தெருவையும் கூரையையும் சட்டத்தையும், ஈற்றில் அவ்வூராரின் உயிரையுமே எவ்வாறு தன் வசப்படுத்தும் என்பதைக் கற்பிக்க அதனினும் சிறந்த ஊரை நான் அறியேன்.

முதலிற் பூமிசாத்திரப் படத்தை விரித்துக்கொள்வோம். கிரேக்க தேசத்துக்கும் துருக்கிக்கும் இடையிலே தீவுகள் இறைந்து கிடக்கும் கடலே ஏஜியன் கடல். கியோஸ் அரசியலாற் கிரேக்க தேசத்துக்கு உரியதாயினும், துருக்கிக் கரைக்கு மிக அண்மையிலே கிடப்பது; இடைக்கடல் ஒடுங்கிய இடத்தில் அகலம் ஏழு கிலோமீற்றர் அளவே. வடக்குத் தெற்காக ஏறக்குறைய 50 கிலோமீற்றர் நீளமும், 842 சதுரக் கிலோமீற்றர் பரப்பும் உடையது இத்தீவு. வடபாகம் கரடுமுரடான மலைநாடு. அங்கே பெலினேயோன் என்னும் சிகரம் 1,297 மீற்றர் உயர்ந்து நிற்கிறது. தெற்கே செல்லச் செல்ல மலைகள் தாழ்ந்து, வறண்ட சிறு குன்றுகளாகவும் கற்கள் நிறைந்த பள்ளத்தாக்குகளாகவும் மாறுகின்றன. கோடையில் மழை என்பது அப்பக்கத்தில் ஏறக்குறைய இல்லை. இந்த வறட்சியே அவ்வூர்களின் செல்வம்.

மஸ்தகி மரம் பிஸ்தா மரத்தின் இனத்தைச் சேர்ந்தது. மரம் என்று சொல்வதும் ஒரு மரியாதைக்காகவே. இரண்டு மூன்று மீற்றர் உயரத்துக்கு மேல் வளராது, முறுகித் திருகிய அடியும் குடைபோற் கவிந்த கிளைகளும் கொண்டு, முதுகு வளைந்த கிழவனைப் போல நிற்கும். இதன் காட்டினம் மத்தியதரைக் கடலின் கரையெங்கும் செடியாக முளைத்துக் கிடக்கிறது. ஆயினும் கியோசின் தென்பாகத்திலே குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கிளை நட்டு வளர்த்துவந்த மரங்களே விலைபெறத்தக்க பிசினைத் தருகின்றன. மண்ணின் இயல்பு, வறண்ட கோடை, நூற்றாண்டுகளாக நல்ல மரங்களையே தெரிந்தெடுத்து நட்ட மனிதரின் கை ஆகிய மூன்றும் சேர்ந்த விளைவு இது என்று கொள்ளலாம். எதிர்க்கரையிலுள்ள செஷ்மேயிலும் இம்மரத்தை வளர்க்க முயன்றுள்ளனர். கியோசுக்கு ஈடான விளைவு அங்கே கிடைத்ததில்லை.

மரம் அழுவதற்கு ஊரார் ஒரு கதை சொல்வர். கி.பி. 251இல் றோமச் சக்கரவர்த்தி தேசியசின் காலத்திலே, இசிதோர் என்னும் கிறிஸ்தவப் போர்வீரன் தன் மதத்தைத் துறக்க மறுத்தமையாற் கியோசிலே கொல்லப்பட்டான். அவன் பட்ட துன்பத்தைக் கண்டு மரங்கள் கண்ணீர் வடித்தன. அக்கண்ணீரே மஸ்தகி என்பது அக்கதை. இசிதோர் பிறப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே, தியோஸ்கோரிதேஸ் என்னும் கிரேக்க வைத்தியரும் பிளினி என்னும் றோம அறிஞரும் கியோசின் மஸ்தகியைத் தம் நூல்களிற் குறித்துவிட்டனர். ஆனால் தலபுராணங்களோடு பழகிய நமக்கு இத்தகைய முரண்பாடு புதிதன்று. கதை எழுவது ஆண்டுக் கணக்குக்காக அன்று. கண்ணீர் என்னும் பெயர் மாத்திரம் நிலைத்துவிட்டது. பிசின் மணியை அவ்வூரார் இன்றும் "கண்ணீர்த் துளி" என்றே வழங்குகின்றனர்.

அக்கண்ணீரை எடுக்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்லல் வேண்டும். ஏனெனில் மெஸ்தாவின் ஆண்டு அதனாலேயே அளக்கப்படுகிறது. யூன் மாதத்திலே ஒவ்வொரு மரத்தின் அடியையும் கூட்டிப் பெருக்கி, களை பிடுங்கி, கல் பொறுக்கி, வட்டமாகச் சமன்செய்வர். அதன்மேற் சுண்ணாம்புச் சத்து மிகுந்த வெண்மண்ணைச் சலித்துப் பரப்புவர். மரத்தடியிலே வெள்ளைத் துணி விரித்தாற்போலத் தோன்றும். பிசின் கறைபடாது விழவும் விரைவில் உலரவுமே இவ்வளவு முயற்சியும். யூலை பிறந்ததும் கூரிய சிறு இரும்புக் கருவியினால் அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் தோலைச் சிறிது சிறிதாகக் கீறுவர். அவ்வேலையை அவர்கள் "தையல்" என்று பொருள்படும் சொல்லாலேயே குறிப்பர். ஆழக் கீறினால் மரம் நோகும். மேலாகக் கீறினாற் பிசின் வராது. ஒரே நாளிற் பல இடங்களிற் கீறுவதும் இல்லை. சில நாள் விட்டு மீண்டும் வந்து, வேறிடத்திற் கீறுவர். இவ்வாறு ஐந்தாறு வாரம் நடக்கும்.

கீறிய வாயினின்று பளிங்குநீர் போன்ற பால் துளிர்த்து, மெல்ல வடிந்து, வெண்மண்மேற் சொட்டும். இரண்டு மூன்று வாரங்களில் இறுகி மணியாகும். ஆகஸ்ட் நடுவிலிருந்து விடியற்காலையிலே, வெயில் ஏறிப் பிசின் இளகுமுன், குடும்பத்தோடு சென்று குனிந்து பொறுக்குவர். இடையில் ஒரு பாட்டம் மழை பெய்துவிட்டால் அவ்வாண்டின் உழைப்பு மண்ணோடு கலந்துவிடும். மாரிகாலத்திலே பெண்கள் ஒரு வீட்டிற் கூடியிருந்து, சுளகிலும் சல்லடையிலும் புடைத்து, குளிர்நீரிற் சவர்க்காரம் இட்டுக் கழுவி, ஒட்டிய மண்ணைச் சிறு கத்தியாற் சுரண்டி, மணிமணியாகத் தரம் பிரிப்பர். நட்ட மரம் முதல் விளைவைத் தர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். நன்கு முதிர்ந்த மரமும் ஓராண்டில் தருவது சராசரி 150 முதல் 180 கிராம் வரையே. இரு கைகளால் அள்ளினால் அடங்கிவிடும் பொருளுக்கு எட்டு மாத உழைப்பு! விலை உயர்ந்ததற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை. விலை உயர்ந்ததனாலேயே, அதனை விளைவித்தோருக்கு வெளியார் எசமானர்களாக வந்தமையும் வியப்பன்று.

வந்தவர்களுள் முதல்வர் இத்தாலி தேசத்து ஜெனோவா நகர வணிகர். 1304இல் பெனெதெத்தோ சக்காரியா என்னும் ஜெனோவ வணிகன் தீவைப் பெற்றான். 1329இல் கீழை றோமச் சக்கரவர்த்தி அதனை மீட்டான். 1346இல் சிமோனே விஞ்ஞோசோ என்பவனின் தலைமையில் ஜெனோவக் கப்பற்படை மறுபடியும் கைப்பற்றியது. அப்படைக்குப் பணம் போட்டவர்கள் தனிப்பட்ட கப்பலுடையார்கள். அவர்களுக்குச் செலவைத் திருப்பிக் கொடுக்க ஜெனோவாவின் திறைசேரியிற் பணம் இல்லை. எனவே 1347இல் ஒரு விநோதமான உடன்படிக்கை எழுந்தது: தீவின் வருமானம் முழுவதையும் பங்குக்காரர்கள் தம்முட் பகிர்ந்துகொள்ளலாம் என்பது. மாவோனா என்று பெயர்பெற்ற அக்கூட்டத்தார் பின்னர் ஜஸ்டினியானி என்னும் பொதுக் குடும்பப்பெயரையும் சூடிக்கொண்டு, இரு நூற்றாண்டுகளுக்கு மேல் கியோசை ஆண்டனர். ஒரு கம்பெனி ஒரு தேசத்தை இலாபத்துக்காக ஆளுவது எத்தகையது என்பதை ஒல்லாந்தக் கம்பெனியின் சரித்திரத்தாற் கற்றவர்கள் நாம். அக்கம்பெனி பிறந்த 1602க்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே கியோஸ் மக்கள் அப்பாடத்தைக் கற்றுவிட்டனர்.

மெஸ்தா என்னும் குடியிருப்பு அதற்கு முன்னரும் இருந்திருத்தல் கூடும். ஆனால் இன்று நாம் காணும் ஊர் ஜெனோவர் காலத்திலே உருப்பெற்றதாகும். தீவின் தலைநகரினின்று தென்மேற்கே ஏறக்குறைய 35 கிலோமீற்றர் செல்லவேண்டும். கடல் அண்மையிலேயே உள்ளது. துறைமுகம் மூன்று நான்கு கிலோமீற்றர் தூரந்தான். ஆயினும் கப்பலில் வருவோன் கண்ணுக்கு ஊர் தென்படாது. கடற்கொள்ளைக்காரருக்கு அஞ்சி, குன்றுகளுக்குப் பின்னால், ஒரு சிறு பள்ளத்தாக்கின் மடியிலே ஊரை ஒளித்துவைத்திருக்கின்றனர்.

ஊருக்கு மதில் உண்டு; ஆனால் மதிலென்று தனியே கட்டிய சுவர் இல்லை. ஓரத்து வீடுகளை இடைவெளியின்றி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி, அவற்றின் முதுகுகளையே மதிலாக்கினர். வெளிப்புறத்தில் அவ்வீடுகளுக்கு வாயிலும் இல்லை, சாளரமும் இல்லை. ஐங்கோணம் போன்ற அம்மதிலின் மூலைகளிலே காவற்கொத்தளங்கள். உட்செல்லும் வாயில்கள் மிகச் சில. பொழுது சாய்ந்ததும் அவை அடைக்கப்படும். நடுவிலே ஒரு பெருங்கோபுரம்.

உள்ளே புகுந்தாற் பகலிலும் மங்கிய ஒளியே வரவேற்கும். தெருக்கள் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோள் உரசும் அளவு ஒடுங்கியவை. அவற்றின்மேல் வளைவுகள் எழுந்து எதிரெதிர் வீடுகளைத் தாங்குகின்றன. பூமியதிர்ச்சி நிகழும் தேசத்திலே வீடுகள் தம்முட் கைகோத்து நிற்பதற்கு இது ஓர் உபாயம். பல இடங்களில் வளைவின்மேலேயே அறைகள் கட்டி, தெருவைச் சுரங்கமாக்கிவிட்டனர். சில தெருக்கள் வளைந்து வளைந்து சென்று ஒரு சுவரில் முட்டி முடிந்துவிடும். வழி அறியாது புகுந்த பகைவன் அங்கே அகப்பட்டுக்கொள்ளவேண்டியவனே. வீடுகள் இரண்டு தட்டுடையவை: கீழே கழுதையும் ஆடும் தானியமும் எண்ணெயும், மேலே மனிதர். மேல்தட்டின் நடுவே கூரையின்றி விட்ட சிறு முற்றத்தின் வழியாகவே காற்றும் வெளிச்சமும் வரும்.

மேலே ஏறிப் பார்ப்போருக்கு ஊரின் இரண்டாவது தெரு தென்படும். வீடுகளின் கூரைகள் யாவும் தட்டையானவை, ஏறக்குறைய ஒரே உயரத்தில் அமைந்தவை, வளைவுகளால் இணைக்கப்பட்டவை. பகைவன் வாயிலைத் தகர்த்துவிட்டால், ஒவ்வொரு குடும்பமும் தன் கூரையில் ஏறி, கூரைக்குக் கூரை ஓடி, நடுக்கோபுரத்தை அடைந்துவிடலாம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரவிலே அக்கூரைகளின்மேல் ஓடிய தாய்மாரின் எண்ணிக்கையை எந்தச் சரித்திரமும் எழுதிவைக்கவில்லை.

இவ்வளவு அரணும் மக்களைக் காக்கவோ, மஸ்தகியைக் காக்கவோ? இரண்டுக்கும் என்று சொல்லி விடையை முடித்துவிடலாம்; கடற்கொள்ளை உண்மையான அச்சமே என்பதில் ஐயமில்லை. ஆயினும் கம்பெனியின் சட்டங்களைப் பார்க்கும்போது என் மனம் இரண்டாவது விடையின் பக்கமே சாய்கிறது. பிசின் முழுவதும் கம்பெனிக்கே உரியது. விளைவித்தவன் குறித்த அளவை ஒப்படைத்தல் வேண்டும். தன் மரத்துப் பிசினைத் தானே பிறருக்கு விற்றல் குற்றம். களவாக வைத்திருந்தவனுக்கும் விற்றவனுக்கும், அளவுக்கு ஏற்ப, காதறுத்தல், மூக்கறுத்தல், பழுக்கக் காய்ச்சிய இரும்பாற் சூடிடுதல் முதலிய தண்டனைகள் விதிக்கப்பட்டன என்று சரித்திராசிரியர் கூறுவர். இரவிலே அடைக்கப்பட்ட வாயில் கள்வனை உள்ளே விடாது. உள்ளே இருப்பவன் ஒரு பொட்டலம் பிசினோடு கடற்கரைக்குச் செல்லவும் விடாது. ஒரே கதவு இரண்டு வேலைகளையும் செய்தது.

அக்காலத்திலே இவ்வணிகத்தின் புகழ் எத்தகையது என்பதற்கு ஒரு சான்று போதும். ஜெனோவாவிற் பிறந்த கொலம்பஸ் கியோசுக்குச் சென்று மஸ்தகி எடுப்பதைக் கண்டவர் என்பது அவருடைய குறிப்புகளால் விளங்குகிறது. மேற்கே புதிய தீவுகளைக் கண்டு மீண்ட அவர், 1493இல் எழுதிய புகழ்பெற்ற கடிதத்திலே, தாம் கண்ட தேசத்திலே பொன்னோடும் வாசனைச் சரக்குகளோடும் மஸ்தகியும் வேண்டிய அளவு கிடைக்கும் என்றும், இதுவரை அது கியோசிலே மட்டுமே கிடைத்துவந்தது என்றும், அதனை ஆள்வோர் தாம் நினைத்த விலைக்கு விற்கின்றனர் என்றும் ஸ்பானிய அரசவைக்கு ஆசை காட்டினார். அவர் கண்டது வேறொரு பிசின் மரம். அமெரிக்கா கண்டுபிடிக்கப்பட்டது, மஸ்தகி கண்டுபிடிக்கப்படவில்லை. அடுத்த ஊராகிய பிர்கியில் அவர் தங்கிய வீடு இதுவென்று ஒன்றைக் காட்டுவர். அதனை நம்புவதும் விடுவதும் பிரயாணியின் விருப்பம்.

பிர்கியைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே வீட்டுச் சுவர்களிற் கரிய மணலாற் சாந்து பூசி, அதன்மேல் வெண்சுண்ணம் தீட்டி, காயுமுன் முட்கரண்டி போன்ற கருவியாற் சுரண்டி, முக்கோணமும் வட்டமும் நட்சத்திரமுமாகக் கோலம் எழுதியிருப்பர். ஊர் முழுவதும் கோலமிட்டாற்போல் விளங்கும். படம் பிடிக்கச் செல்வோர் பிர்கியையே நாடுவர். மெஸ்தாவில் அத்தகைய அலங்காரம் ஒன்றும் இல்லை, வெறுங் கல்லே. எனக்கென்னவோ அவ்வெறுங் கல்லே உண்மையை மறைக்காது சொல்வதாகத் தோன்றுகிறது.

1566இல் பியாலே பாஷாவின் கப்பற்படை வந்தபோது, கம்பெனி போரின்றியே தீவைத் துருக்கிச் சுல்தானிடம் இழந்தது. பிசினைக் குறிக்கும் "சாக்கிஸ்" என்னும் துருக்கிச் சொல்லே தீவுக்கும் பெயராயிற்று. புதிய எசமானர் பழையவரிலும் சாமர்த்தியசாலிகள் என்று சொல்லவேண்டும். மஸ்தகிக் கிராமங்களை மற்றைய ஊர்களினின்று பிரித்து, தனி ஆகாவின் கீழ் வைத்தனர். வரியைப் பிசினாகவே வாங்கினர். அதற்கு ஈடாகச் சில வரிகளை நீக்கினர். தேவாலயத்தில் மணி ஒலிக்கவும் இடமளித்தனர். மற்றைய கிறிஸ்தவக் குடிகள் பலருக்கு இல்லாத சலுகை அது. கொன்ஸ்தாந்திநோபிளின் அரண்மனைப் பெண்கள் மஸ்தகியை மென்று பொழுதுபோக்கினர். அவர்களுடைய வாயின் நறுமணத்துக்காக மெஸ்தாவின் பெண்கள் மாரிகாலமெல்லாம் குனிந்திருந்தனர்.

இச்சலுகையின் உண்மையான விலை 1822இலே தெரியவந்தது. முந்திய ஆண்டிலே கிரேக்கர் சுல்தானுக்கு எதிராகச் சுதந்திரப் போர் தொடங்கியிருந்தனர். கியோஸ் மக்கள் வணிகத்தாற் செழித்தவர்கள். பெரும்பாலோர் ஒதுங்கியிருக்கவே விரும்பினர். ஆனால் 1822ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே அயல்தீவாகிய சாமோசிலிருந்து ஒரு படை வந்திறங்கிக் கோட்டையை முற்றுகையிட்டது. அடுத்த மாதமே காரா அலி என்னும் தளபதியின் தலைமையிலே துருக்கிக் கப்பற்படை வந்துசேர்ந்தது. வந்த சாமோஸ் வீரர்கள் கப்பலேறிப் போய்விட்டனர், தீவார் அகப்பட்டுக்கொண்டனர். தலைநகரும் மடங்களும் வடபாகத்து ஊர்களும் தீக்கிரையாயின. பல்லாயிரம் பேர் வெட்டுண்டனர். பெண்களும் பிள்ளைகளுமாகப் பல்லாயிரம் பேர் அடிமைச் சந்தைகளுக்கு ஏற்றப்பட்டனர். மேற்குக் கரைக்குத் தப்பியோடிய ஏதிலிகளைப் பிசாரா என்னும் சிறு தீவின் மாலுமிகள் தம் கப்பல்களில் ஏற்றிச்சென்று காத்தனர். 1824இல் பிரெஞ்சு ஓவியர் தெலாக்குருவா இக்கொடுமையைத் தீட்டிப் பாரிஸ் நகரிலே காட்சிக்கு வைத்த பெருஞ்சித்திரம் இன்றும் லூவர் காட்சிச்சாலையில் உள்ளது.

அந்த வசந்தகாலத்திலே, தீவு முழுவதும் எரிந்துகொண்டிருக்கையில், தெற்கே மஸ்தகிக் கிராமங்களை வாள் தொடவில்லை. அவை அரண்மனைக்குரிய உடைமை. மரத்தைக் கீறத் தெரிந்த கைகளை வெட்டிவிட்டால், அடுத்த ஆண்டு பிசின் எங்கிருந்து வரும்? இவ்வளவே கணக்கு. இதனைக் கருணை என்று சொல்வதற்கில்லை. பாற்பசுவைக் கொல்லாத மாட்டுக்காரனுக்கு எந்தப் புண்ணியமும் சேர்வதில்லை. ஆனால் அவ்வூர்களின் கூரைகளில் நின்று வடக்கே எழுந்த புகையைப் பார்த்தவர்களின் மனநிலை யாதாயிருந்திருக்கும்? தம் சுற்றத்தார் மடிய, தாம் வாழ்வது தம் கைத்தொழிலின் விலையால் என்பதை அவர்கள் அறிந்தேயிருந்திருப்பர். முன்னோரின் காதையும் மூக்கையும் அறுப்பித்த அதே பிசின் அன்று அவர்களின் கழுத்தைக் காத்து நின்றது.

அக்காவலும் நீடித்ததன்று. யூன் மாதத்து ஓர் இரவிலே, பிசாரா தீவினனாகிய கனாரிஸ் எரிகப்பல் ஒன்றை ஓட்டிச்சென்று துருக்கியரின் தலைமைக் கப்பலிற் பொருத்தினான். ரம்ஸான் நோன்பு முடிந்த கொண்டாட்டத்திலிருந்த அக்கப்பல் வெடித்தெரிய, காரா அலியும் அவனோடிருந்த பெருந்தொகையினரும் மாண்டனர். கிரேக்கர் இன்றும் பெருமையோடு நினைக்கும் வீரச்செயல் அது. அச்செயலுக்குப் பழிவாங்கப் புறப்பட்ட படை, இம்முறை கணக்குப் பார்க்கவில்லை. தெற்கே திரும்பி மஸ்தகிக் கிராமங்களுட் புகுந்தது. கடலிலே வீரன் பெற்ற வெற்றிக்குத் தரையிலே குடியானவன் விலைகொடுத்தான். சுதந்திரப் போர்களைப் பாடும் நூல்கள் இப்பக்கத்தை விரைவாகவே புரட்டிவிடுகின்றன.

பிந்திய சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1868இலே, கொள்ளைக்காரர் அச்சம் ஒழிந்த காலத்திலே, மெஸ்தாவின் நடுக்கோபுரம் நின்ற இடத்திலே, தேவசேனாபதியாகிய மிக்கேல் தூதருக்குப் பெருங்கோயில் ஒன்று எழுந்தது. அதே தூதருக்கு ஊரில் முன்னரே ஒரு பழைய கோயிலும் உண்டு; அதன் மரச்சித்திர வேலை காணத்தக்கது. 1881இல் நிகழ்ந்த பெரும் பூமியதிர்ச்சியில் தீவிலே ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். மஸ்தகி ஊர்கள் பலவும் சிதைந்தன. கைகோத்து நின்ற மெஸ்தாவின் வீடுகளோ பெரும்பாலும் நிலைத்தன. 1912 நவம்பரிலே கிரேக்கக் கப்பற்படை வந்திறங்க, தீவு கிரேக்க இராச்சியத்தோடு சேர்ந்தது.

எசமானர்கள் ஒழிந்தனர், ஆனால் இடைத்தரகர்கள் ஒழியவில்லை. விலை கண்டபடி ஏறியிறங்க, கடனிலே மூழ்கிய குடியானவர்கள் 1938இலே ஒரு பொதுச் சங்கத்தின்கீழ் ஒன்றுசேர்க்கப்பட்டனர். ஊர்தோறும் உள்ள ஐக்கிய சங்கங்கள் பிசினை ஏற்று, நடுச்சங்கத்தின் வழியாக ஒரே விலைக்கு விற்கும் ஏற்பாடு அது. கம்பெனி வைத்திருந்த ஏகபோகம் ஆறு நூற்றாண்டு சென்றபின் மரத்தை நட்டவன் கைக்கே வந்தது என்று சொல்லலாம். இந்தச் செய்தியை வாசித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைப்பதற்கில்லை. ஆனால் அது வந்த காலம் நற்காலமன்று. சித்திரங்களுக்குப் பூசும் வாணிசுக்கு ஐரோப்பிய ஓவியர் மஸ்தகியைத் தேடிய காலம் கழிந்து, இரசாயனத்தாற் செய்த மலிவான பொருள்கள் சந்தையை நிரப்பத் தொடங்கின. இளைஞர் கப்பல் வேலைக்கும் ஏதென்சுக்கும் அமெரிக்காவுக்கும் போயினர். மெஸ்தாவில் வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன.

அவ்வறுமையே ஒரு வகையில் ஊரைக் காத்தது. பணம் வந்திருந்தால் ஊரார் பழைய வீட்டை இடித்துச் சீமெந்து மாளிகை கட்டியிருப்பர். 1975இல் கிரேக்க அரசாங்கத்தின் உல்லாசப் பிரயாணத் துறை பழைய ஊர்களைப் பேணும் திட்டமொன்றைத் தொடங்கி, மெஸ்தாவில் வெறுமையாய்க் கிடந்த வீடுகள் சிலவற்றைத் திருத்தி, விருந்தினர் தங்கும் விடுதிகளாக்கியது. பகைவன் வழி தவறவேண்டும் என்று வளைத்த தெருக்களிலே இன்று உல்லாசப் பிரயாணிகள் விரும்பிச் சென்று வழி தவறுகின்றனர். மதிலாக நின்ற வெளிவீடுகளுக்கும் சாளரங்கள் திறந்துவிட்டனர்.

மஸ்தகிக்கும் மறுபடியும் மதிப்பு வந்துள்ளது. 2014இல் அதனை வளர்க்கும் பரம்பரை அறிவை யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் வரிசையிற் சேர்த்தது. 2015இல் ஐரோப்பிய மருந்து முகவரகம், செரிமானக் குறைவுக்கும் தோலின் சிறு அழற்சிகளுக்கும் உரிய பரம்பரை மூலிகை மருந்தாக அதனை ஏற்றது. நம் யூனானி வைத்தியர்கள் இதைக் கேட்டு வியப்படையப்போவதில்லை. ஆனால் அதற்குச் சற்று முன், 2012 ஆகஸ்ட் மாதத்திலே, ஒரு பெருந்தீ தென்பாகத்துக் குன்றுகளில் ஓடி, மஸ்தகித் தோப்புகளிற் பெரும்பகுதியைக் கருக்கிவிட்டது. பாட்டன் நட்ட மரத்தைப் பேரன் கீறும் தொழில் இது. எரிந்த இடத்தில் இன்று நட்ட கன்று முழு விளைவைத் தருமுன் நட்டவனுக்கு நரை விழுந்துவிடும். அப்படியிருந்தும் எரிந்த நிலத்திலே மறுபடியும் கிளை நட்டவர்கள் இருக்கிறார்கள்.

மெஸ்தாவைக் காணச் செல்வோர் பெரும்பாலும் கோடையிலே செல்வர். நானாயின், தவக்காலம் தொடங்கும் முதல் திங்கட்கிழமையையே தெரிந்தெடுப்பேன். அன்று ஊர்ச் சதுக்கத்திலே ஒரு கூத்து நடக்கும். தலைப்பாகையும் துருக்கியர் உடையும் தரித்த ஒருவன், சேவகர் புடைசூழ வந்து, ஆகாவாக ஆசனத்தில் அமர்வான். சேவகர்கள் கூட்டத்திற் புகுந்து, ஊரானென்றும் விருந்தினனென்றும் பாராது, அகப்பட்டவனைப் பிடித்திழுத்து வந்து முன்னிறுத்துவர். குற்றச்சாட்டு வாசிக்கப்படும். மீசை கோணலாய் இருக்கிறதென்பதும் குற்றந்தான். மனைவிக்கு அஞ்சுகிறான் என்பதும் குற்றந்தான். வாதாடினாற் குற்றம் இரட்டிக்கும். ஆகா முகத்தைக் கடுகடுப்பாக வைத்துக்கொண்டு தண்டம் விதிப்பான்; கூட்டம் கைகொட்டிச் சிரிக்கும்; குற்றவாளி சட்டைப்பையைத் துழாவிக் காசை எடுத்துவைத்தல் வேண்டும். அக்காசு ஊரின் பொது வேலைகளுக்குச் சேரும். கோபுரம் நின்ற இடத்துக் கோயிலின் மணியோசை அச்சதுக்கத்துக்குத் தெளிவாகக் கேட்கும்.